இன்னொரு வாட்டி சொல்லு

பினாங்கு மார்க்கெட் தெருவில் காலை வெயில் கடை முன்னுள்ள அஞ்சடி நடைபாதைக்குள் சாய்ந்து விழுந்து, பூக்கடையின் தண்ணீர் வாளியில் நடுங்கிக்கொண்டிருக்கிறது. பூசைக்குப் போகும் வழியில் மாதா படத்துக்குச் சரம் வாங்க நிற்கிறாள் சவுந்தரம். பக்கத்தில் அவள் மகள் ஜெசிந்தா, தொலைக்காட்சித் தொடரில் யாரோடும் ஒட்டாத பள்ளிக்கூடத்துப் பெண் வர்ஷினியாக நடிப்பவள். பூக்கட்டிக்கொண்டிருந்த கௌரி அக்கா அவளை நிமிர்ந்து பார்க்கிறாள். நாரைக் கீழே போட்டுவிட்டு ஈரக் கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். “ஏன் வர்ஷினி, நேத்தும் சாப்பிடாம ரூம்பைப் பூட்டிக்கிட்டியே. மனசுல என்னம்மா? அம்மாகிட்ட சொன்னா என்ன?” பெயர் அதுவல்ல என்று ஜெசிந்தா சொல்லவில்லை. மல்லிகை மணக்கும் அந்தக் கை இறுகப் பிடித்திருக்கிறது. இப்படி ஒரு கேள்வியை வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. உதடு கோணுகிறது. “சொல்லிப் பாத்துட்டேன்க்கா. யாரும் காதுல வாங்கல. காலையில எந்திரிக்கவே பிடிக்கல.” எந்த வசனத்தாளிலும் இல்லாத சொற்கள். கண்ணீர் தாடைவரை இறங்குகிறது. கௌரி அக்காவின் முகம் வாடிப்போகிறது. சவுந்தரம் பூரித்துப்போகிறாள். “பாத்தீங்களாக்கா, கேமரா இல்லாமலே என்னமா நடிக்கிறா.” கைப்பையைத் துழாவிப் போனை எடுக்கிறாள். “ஜெசி, வெளிச்சத்துக்குத் திரும்பு. அதையே இன்னொரு வாட்டி சொல்லுலா.” நடிப்புதானா என்று கௌரி அக்கா நிம்மதியாக மூச்சுவிட்டுச் சிரிக்கிறாள். பிடித்த கையை விட்டுவிட்டு, படத்தில் விழாதபடி தள்ளி நின்றுகொள்கிறாள். ஜெசிந்தா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு வெயில் பக்கம் திரும்புகிறாள்.