தோணிக்கு வச்ச பேரு

வல்லாஹி, இதுல ஒரு சொல்லும் பொய்யில்ல. பொய்யெண்டா நாளைக்கு எண்ட வலையில மீனில்லாமச் சொறிமுட்டை மட்டும் படட்டும்.

மருதமுனையில மீராமுகைதீன் காக்கா இரிக்காரு. அறுபது வயசு மீனவரு, எங்களுக்கெல்லாம் அண்ணன் முறை. கூடப் போற பளீலுக்குக் காய்ச்சலெண்டு ஒரு நாள் தனியத் தோணியில போனாரு. எஞ்சின் பழுது. ரெண்டு நாள் கடல்ல மிதந்து, பொத்துவில் கரையில போய் ஒதுங்கினாரு.

ஊருக்கு வந்ததுலயிருந்து ஆள் ஒரு மாதிரி. கடலையே பார்த்துக்கிட்டு இரிப்பாரு. கையில தேத்தண்ணி ஆறிப்போகும்.

ஒரு நாள் கடுத்தம் எழுதுற லெப்பைட ஊட்ட போய், கலியாணம் பதியிற புத்தகத்தக் காட்டச் சொல்லிக் கேட்டிரிக்காரு. பார்த்திட்டு, தனக்குத் தானே சிரிச்சிக்கிட்டுப் போனாராம்.

பளீல் என்னத் தேடி ஓடி வந்தான்.

"முடிஞ்சிதுடா. காக்கா ரெண்டாவது கலியாணம் எழுதப் போறாரு."

"பொத்துவில்லயா?"

"வேற எங்க? ரெண்டு நாளும் கடல்லதான் கிடந்தாரெண்டு நீ நம்புறியா?"

நானும் சும்மா இரிக்கல்ல. அவரக் கண்ட இடத்துல, "மாப்பிள்ளைக்கு மருதோண்டி அரைக்கவா?" எண்டு கேட்டன். அல்லாஹ் மன்னிக்கணும்.

வியாழக்கிழமை பார்த்தா, தோணியில சிவப்புப் பெயின்ட்டால பெரிசா ஒரு பேரு.

அஸ்பியா.

"இது குமருப் புள்ளைட பேருடா," எண்டான் பளீல். "வயசானவங்களுக்கு இப்பிடியெல்லாம் பேரிருக்காது."

ஊரே அஸ்பியாவத் தேடிச்சு. ளுஹர் தொழுகைக்கு அவ பொத்துவில்ல கடை வச்சிருக்கிறவ. அசருக்கு விதவை. மஃரிபுக்கு அவளுக்கு ரெண்டு புள்ளையும் பொறந்திட்டு.

காக்காட பொண்டாட்டிக்கு, அதான் மகன் ஸப்ரிட உம்மாக்கு, தோணியில ஒரு பொம்புளைட பேரு கிடக்கெண்டு மட்டும்தான் தெரியும். என்ன பேரெண்டு சொல்ல ஆருக்கும் வாய் வரல்ல. பாவம், ராவெல்லாம் அழுதிருக்கா.

விடிஞ்சதும் பக்கத்து ஊட்டு ஹவ்வா உம்மா அவட கையப் புடிச்சிக் கரைக்குக் கூட்டி வந்தா. பின்னால பாதி ஊரு.

கடல் அண்டைக்கு மூச்சு விடாமக் கிடந்திச்சு. எது வானம், எது தண்ணி, ஒண்டும் தெரியல்ல. எல்லாம் ஒரே வெள்ளை. நடுவுல, கரை விளிம்புல அந்தத் தோணி, ஆரோ கண்ட கனவுல தொங்கிற மாதிரி.

"தம்பி, வெக்கமில்லையா ஒனக்கு?" ஹவ்வா உம்மா கத்தினா. "முப்பத்தஞ்சு வருஷம் சோறாக்கித் தந்த மனிசிக்கு முன்னால சொல்லு. ஆரு இந்த அஸ்பியா?"

காக்கா நகத்துல ஒட்டின பெயின்ட்டச் சுரண்டிக்கிட்டு நிண்டாரு.

ஸப்ரிட உம்மா தோணிக்குக் கிட்டப் போனா. ஒவ்வொரு எழுத்தா விரலால தடவினா. பெயின்ட் இன்னும் காயல்ல, விரல் சிவந்திச்சு.

"ஹவ்வா ராத்தா," எண்டா மெதுவா. "அஸ்பியா நாந்தான்."

ஹவ்வா உம்மா அவட முகத்த உத்துப் பார்த்தா.

"நீயா? நீ ஸப்ரிட உம்மாதானே?"

"அதுக்கு முந்தி."

"அதுக்கு முந்தி மீராமுகைதீன்ட பொண்டாட்டி."

"அதுக்கும் முந்தி, ராத்தா."

ஹவ்வா உம்மா வாயப் பொத்திட்டா. முப்பது வருஷமா வேலிக்கு அங்கால இஞ்சால இரிக்கிறவங்க, பேரு தெரியா.

அப்பதான் காக்கா கதைச்சாரு.

"கடலுக்குப் போற ஒவ்வொரு நாளும் ஒரு கேன் தண்ணி கூடுதலா வைப்பா. பாரமெண்டு நான் ஏசாத நாளில்ல. ஏச ஏச வச்சா. அந்த ரெண்டு நாளும் எண்ட உசிர் அந்தக் கேனுக்குள்ளதான் கிடந்திச்சு. கடைசிச் சொட்டும் முடிஞ்சிது. மவுத்தாகப் போறன், அவள ஒருக்காக் கூப்பிடுவமெண்டு பார்த்தன்."

"கூப்பிட்டீங்களா?" எண்டா ஸப்ரிட உம்மா.

"பேரு வரல்ல." காக்கா கடலப் பார்த்தாரு. "'ஸப்ரிட உம்மா, ஸப்ரிட உம்மா' எண்டு கத்தினன். கடலுக்கு ஸப்ரிய எங்க தெரியும்?"

"அவட அடையாள அட்டைய எடுத்துப் பார்த்திருக்கலாமே, காக்கா," எண்டான் பளீல்.

"கேட்டா என்னத்துக்கெண்டு கேப்பாடா. என்னெண்டு சொல்ற? வெக்கம். அதான் லெப்பையிட்டப் போனன். எங்கட கடுத்தத்துல கிடந்திச்சு."

ஸப்ரிட உம்மா முக்காட்ட இழுத்து விட்டா.

"இப்ப வருதா பேரு?"

"ம்."

"அப்ப கூப்பிடுங்க பாப்பம்."

அறுபது வயசு மனிசன், கூட்டத்தப் பார்க்காம, தொண்டையச் செருமிக்கிட்டு, "அஸ்பியா" எண்டாரு.

"ஓம்," எண்டா.

அந்த ஓம் எங்கயிருந்து வந்திச்சோ தெரியா. இருபது வயசுக் குரல். எண்ட ரெண்டு காதாலயும் கேட்டன்.

கதை முடிஞ்சிது. இரிங்க, இரிங்க, சும்மா எழும்பிப் போகேலா. கதை சொன்ன கூலி இரிக்கு. ஒங்கட வாப்பாட உம்மாட பேரு என்ன? டக்கெண்டு சொல்லணும். சொன்னவங்க போகலாம். யோசிக்கிறவங்க எனக்கு ஆளுக்கொரு பிளேன்டி, ரெண்டு வடை வாங்கித் தரணும்.

என்ன, ஒருத்தரும் எழும்பல்லயா?

சரி. பிளேன்டிக்குச் சீனி கூடப் போடச் சொல்லுங்க.