சூட்டின் காரணம்

“கையை வெச்சுப் பாருங்க தம்பி. இஸ்திரிப்பெட்டி தோத்துப்போகும்.”

பெரியக்கா லேப்டாப்பை மெக்கானிக்கின் பக்கம் தள்ளினாள். அதன் மூடியின் பின்புறம், அவளே வெட்டி ஒட்டிய ‘7’ என்னும் தாள்.

கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டு, சொல் மாறாமல் தட்டச்சு செய்து தரும் அலுவலகம் அது. ஒவ்வொரு கோப்பின் பெயரும் தட்டச்சு செய்தவரின் எண்ணில் தொடங்கவேண்டும் என்பது விதி. பதினாறு ஆண்டுகளாக ஏழு என்றால் பெரியக்காதான்.

“எப்பலேர்ந்து மேடம் இப்படி நின்னுபோகுது?”

“எட்டு மாசமா. மத்தியானம் மூணு மணிக்கு மேல ஒரு எழுத்து விழாது. எனக்கு இந்தக் கிழட்டுப் பொட்டி. நேத்து வந்தவங்களுக்குப் புத்தம் புதுசு.”

கடைசி வாக்கியம் எதிர் மேஜைக்காகச் சற்று உரக்கச் சொல்லப்பட்டது. அங்கிருந்த புதியவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

“அக்கா, அது சரியாகுற வரைக்கும் என்னோடத எடுத்துக்கோங்களேன்.”

“வேண்டாம்மா. அஞ்சு மணிக்கு எல்லாரும் கிளம்பின பிறகும் உக்காந்து எண்ணிக்கையை ஏத்துறவ நீ. உன் பொழப்பை நான் ஏன் கெடுக்கணும்?”

புதியவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

பெரியக்கா குரலைத் தாழ்த்தினாள். “இந்த வருஷம் யார் அதிக ஃபைல் முடிச்சாங்களோ, அவங்கதான் பிரிவுப் பொறுப்பாளர். இன்னிக்குச் சாயந்திரம் சொல்லப்போறாங்க. எனக்கு இருநூத்தித் தொண்ணூறு. அவளுக்கு முந்நூத்தி நாப்பது. இனிமே லீவு வேணும்னா அவ முன்னாடி கைகட்டி நிக்கணும்.”

மெக்கானிக் அடிப்பலகையைக் கழற்றினான். மின்விசிறியில் படிந்திருந்த தூசியைத் தூரிகையால் எடுத்தான். சூடு கடத்தும் பசை காய்ந்துபோயிருக்க, அதைச் சுரண்டிப் புதுப்பசை தடவினான். மூடி, இயக்கி, காத்திருந்தான். இருபதே நிமிடம். மறுபடியும் கொதித்தது.

“தூசி காரணமில்ல மேடம். உள்ள ஏதோ ஓயாம ஓடிக்கிட்டிருக்கு. ஆமா, இப்படி நின்னா அதுவரைக்கும் அடிச்சது அழிஞ்சிருமே?”

“நானும் அப்படித்தான் பதறுவேன். ‘போச்சு, ஆறு பக்கம் போச்சு’ன்னு கத்திட்டு வீட்டுக்குப் போவேன். காலையில வந்து பார்த்தா ஒரு வரி குறையாம இருக்கும். தானா சேமிச்சு வெச்சுக்கும். அந்த ஒரு புண்ணியம் உண்டு இதுக்கு.”

“இதுல அப்படி ஒரு வசதியே கிடையாதே.”

“இந்தப் பொட்டியோட குடித்தனம் பண்றது நானா, நீங்களா?” என்றவள், எதிர் மேஜையைக் கண்ணால் காட்டினாள். “என் மெஷின் நின்னா அவளுக்குக் கொண்டாட்டம். ‘எத்தனை பக்கம்க்கா போச்சு’ன்னு தினம் தவறாம கேப்பா. அவ்வளவு சந்தோஷம்.”

மெக்கானிக் திரையில் எதையோ தேடினான். பிறகு அவனும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“மேடம், எதிர் மேஜைக்காரங்க ஃபோல்டர்ல எது விழுந்தாலும் உடனே இங்கயும் நகல் வர்ற மாதிரி வெச்சிருக்கீங்க. பேச்சுப்பதிவோட சேர்த்து. பழைய மெஷின், நாள் பூரா அதை இழுத்துக்கிட்டே இருந்தா, சூடாகாம என்ன செய்யும்?”

பெரியக்காவின் முகம் மாறியது.

“எண்ணிக்கை தெரியணும்ல, அதுக்குத்தான். அது வெளியிலேயே தெரியும், உள்ள ஒண்ணையும் திறந்ததில்ல தம்பி. அடுத்தவங்க ஃபைலைத் திறந்து பார்க்கிற புத்தி எனக்குக் கிடையாது.”

அப்படிச் சொன்னபோது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அந்நேரம் மேலாளர் தம் அறையிலிருந்து வெளியே வந்தார்.

“வாழ்த்துகள்மா. எண்ணிப் பார்த்தாச்சு. ஏழாம் நம்பர்லதான் அதிகம். நாளையிலேர்ந்து நீங்கதான் பொறுப்பாளர்.”

நான்கு மேஜைகளிலிருந்தும் கைத்தட்டல் எழுந்தது. பெரியக்காவுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை.

“அப்ப, அவ ஃபோல்டர்ல இருக்கிற முந்நூத்தி நாப்பது?”

மெக்கானிக்கின் கையிலிருந்த மவுசை வாங்கி, எட்டு மாதத்தில் முதன்முறையாக அந்த ஃபோல்டரைத் திறந்தாள்.

வரிசையாகக் கோப்புகள். பாதிக்குமேல் ஏழு என்ற எண்ணில் தொடங்கின.

மெக்கானிக் குனிந்து, லேப்டாப் நின்ற நாள்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தான். “எல்லாம் இந்த மெஷின் நின்னுபோன தேதிங்க. சாயந்திரம் ஆறு, ஆறரைக்கு முடிஞ்சிருக்கு. அழிஞ்ச பக்கத்தையெல்லாம், பதிவை முதல்லேர்ந்து கேட்டு மறுபடி அடிச்சு, உங்க ஃபைல்ல சேர்த்திருக்காங்க.”

பெரியக்காவின் கை தானாக நீண்டு, மூடியின் பின்புறமிருந்த அந்த ‘7’ தாளை மறைத்துக்கொண்டது.

சுவர்க்கடிகாரம் ஐந்தைத் தொட்டது. எல்லோரும் பைகளை எடுத்தார்கள். புதியவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

“வாழ்த்துகள்க்கா,” என்றாள். பிறகு, தினமும் கேட்பதைப்போலவே கேட்டாள்.

“இன்னிக்கு எத்தனை பக்கம்க்கா போச்சு?”