காகிதத் தொட்டிக்குள் ஒரு கை

"மாட்டிக்கிட்டீங்களா சார்! கையை வெளிய எடுங்க!"

காகிதத் தொட்டிக்குள் முழங்கை வரை விட்டிருந்த கையை அவர் மெல்ல வெளியே எடுத்தார். விரல்களில் ஒரு பேப்பர் கப். அதிலிருந்து காபி சொட்டியது.

"நான் போடலம்மா. எடுத்துக்கிட்டுதான்..."

"போதும் சார். கையும் களவுமா பிடிச்சப்புறமும் கதை விடாதீங்க!"

கணக்குப் பிரிவில் அவருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். வேகமாக நடக்கமாட்டார், சத்தம் போட்டுப் பேசமாட்டார். இப்போது சத்தம் போட்டது அலுவலகத்தின் நிர்வாக அதிகாரி. அவளுக்கும் ஒரு பெயர் உண்டு, ஆனால் முதுகுக்குப் பின்னால்தான்: பம்பரம். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடி வருபவள், சாயங்காலம் வரை உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

அதிலும் இந்த வாரம் கேட்கவே வேண்டாம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தாள்.

காரணம் இருக்கிறது. இந்தக் கட்டடத்திலிருந்து ஊருக்கு வெளியே குப்பைமேட்டுக்குப் போகும் மூட்டைகளைப் பாதியாகக் குறைத்துக் காட்டுகிறேன் என்று எம்.டி.யிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தாள். காகிதத்துக்கு ஒரு தொட்டி, கப்புக்கு ஒரு தொட்டி, சாப்பாட்டு மிச்சத்துக்கு ஒரு தொட்டி. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை பழைய காகிதம் வாங்க வந்தவர், வெள்ளிக்கிழமை சேர்ந்த மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"காபியில ஊறிப்போன காகிதத்தை வச்சு நான் என்னம்மா செய்ய? இன்னொரு தடவை இப்படி இருந்தா, இந்தப் பக்கமே வரமாட்டேன்."

மூட்டை அப்படியே குப்பைமேட்டுக்குப் போனது. எம்.டி. கூப்பிட்டார்.

"முடியலைன்னா சொல்லிடுங்க. வேற ஆளைப் போட்டுக்கறேன்."

அவ்வளவுதான். அவளுக்குத் தூக்கம் போயிற்று. அன்றைக்கே தொட்டிகளுக்கு மேலே கேமரா மாட்டினாள். வரவேற்பறையில் ஒரு வெள்ளைப் பலகை வைத்தாள். 'கெடுத்தவர்' என்று எழுதி, கீழே இடம் விட்டாள். அதில் பெயர் ஏறினால் ஒரு மாதம் அழிக்கக் கூடாது. வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்கட்டும்!

இப்போது ஆள் சிக்கிவிட்டார்.

அவரை வரவேற்பறைக்கு அழைத்து வரும் வழியில் அவள் போன் அடித்தது. மாமியார்.

"ஜுர மருந்தா? அலமாரியில மேல் தட்டுல இருக்கு அத்தை... ஆமா, இப்ப கொடுக்கலாம்... இங்க ஒரே ரகளை, அப்புறம் பேசறேன்."

போகிற போக்கில் மிஷினில் ஒரு காபியும் பிடித்துக்கொண்டாள். அதைக் குடிக்க எங்கே நேரம்?

வரவேற்பறைப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மேடம், ஆனா வெள்ளிக்கிழமை சார் லீவாச்சே?"

"வியாழக்கிழமையே போட்டிருப்பார். நீ சும்மா இரு."

காபியை மேஜையில் வைத்துவிட்டு அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். அவர் முகம் சுண்டிப்போனது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு சொல் வாங்காத மனுஷன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செக்யூரிட்டி அண்ணே, அந்த கேமராப் படத்தை இந்தப் பெரிய டிவியில போடுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

அவர் முதல் தடவையாகப் பதறினார். "அதான் பேர் எழுதிட்டீங்களேம்மா. படமெல்லாம் வேண்டாம்."

"ஏன், பயமா இருக்கா?"

"வேண்டாம்மா. சொன்னா கேளுங்க."

"போடுங்க அண்ணே!"

ஆளாளுக்கு எழுந்து வந்து கூடிவிட்டார்கள்.

திரையில் இன்று காலை. ஒரு பெண் விறுவிறுவென்று வருகிறாள். காதுக்கும் தோளுக்கும் நடுவே போன், ஒரு கையில் ஃபைல், மறு கையில் காபி. ஒரு வாய் குடிக்கிறாள். நடையை நிறுத்தாமலே மீதியைக் கப்போடு காகிதத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறாள்.

பின்னாலேயே நிதானம் வருகிறார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கிறார். தொட்டிக்குள் கையை விடுகிறார். அதற்குள் அதே பெண் திரும்பி வந்து அவரைப் பிடிக்கிறாள்.

"நேத்துப் படத்தைப் போடுங்க அண்ணே." அவள் குரல் இறங்கியிருந்தது.

நேற்றும் அவள்தான். பின்னாலேயே அவர்; கப்பை எடுத்து, காபியைப் பக்கத்துக் குழாயடியில் கொட்டிவிட்டு, அதற்குரிய தொட்டியில் போடுகிறார். முந்தாநாளும் அதே கதை.

"அப்ப வெள்ளிக்கிழமை எடுக்கத்தான் ஆள் இல்லை," என்று வரவேற்பறைப் பெண் முணுமுணுத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"ஏன் சார் என்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன்மா. ஒவ்வொரு தடவையும் நீங்க போன்ல இருந்தீங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அப்புறம் இந்தப் பலகையை வேற வச்சீங்க. அதுல முதல் பேரு உங்களோடதா இருக்க வேண்டாமேன்னு விட்டுட்டேன்."

அவள் வெறும் உள்ளங்கையாலேயே அவர் பெயரை அழித்தாள். கண் கலங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

போன் அடித்தது.

"சொல்லுங்க அத்தை... ஜுரம் குறைஞ்சுதா?" கால்கள் தானாக நடக்க ஆரம்பித்தன. போகிற போக்கில் கை மேஜைமேல் இருந்த காபியை எடுத்தது. ஒரு வாய் குடித்தாள். தொட்டிகளைத் தாண்டும்போது, மீதியோடு அந்தக் கை தன் பாட்டுக்குக் காகிதத் தொட்டியை நோக்கி நீண்டது.

நிதானம் அன்றைக்கு ஒருநாள் கொஞ்சம் வேகமாக நடந்தார்.

"இப்படிக் கொடுங்கம்மா," என்று கப்பை வாங்கிக்கொண்டார்.