கேட்டிருக்கக் கூடாதது

"நீ என்ன பண்ணுன?"

கேட்ட பிறகுதான் செண்பகவல்லிக்குச் சுட்டது.

அவளுடைய பியூட்டி பார்லர் வாசலில், அங்கே வேலை பார்க்கும் லிங்னெய் நின்றிருந்தாள். இடது கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன.

காலையில் வேலைக்கு வரும் வழியில், சிக்னலில் வண்டிச் சோதனை. லைசென்ஸ் கேட்டார்கள், கொடுத்தாள். முகத்தைப் பார்த்துவிட்டு, எந்த நாடு என்றார் எஸ்.ஐ. மணிப்பூர், இந்தியாதான் சார் என்றாள்.

அது எதிர்த்துப் பேசியதாகிவிட்டது. அறைந்துவிட்டார்.

லிங்னெய் ஐஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

சென்னைக்கு வந்து ஆறு வருடம். ஆறும் இந்தப் பார்லரில்தான். தமிழ் பேசக் கற்றதும் இங்கேதான்.

போன மாதம் இதே சிக்னலில் பல் டாக்டர் மகளின் கையைப் பிடித்து முறுக்கினார் ஒரு போலீஸ்காரர். அந்தப் பெண்ணிடம் செண்பகவல்லி எதுவும் கேட்கவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசலுக்கு ஓடினாள். தெருவே திரண்டு நின்றது. லிங்னெய்யும் வெயிலில் நின்று எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள்.

மதியம் செண்பகவல்லி ஒரு புகார் எழுதினாள். கையெழுத்துக்காகக் கடை கடையாக ஏறினாள்.

மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

ஜெராக்ஸ் கடையில் நாளைக்கு வரச் சொன்னார்கள்.

தையல்கடை வேதநாயகி மட்டும் வாய்விட்டுச் சொன்னாள். "அந்தப் பொண்ணுங்களப் பத்தி நமக்கு என்னக்கா தெரியும்? ஒண்ணும் பண்ணாமயா அடிச்சிருப்பாங்க?"

செண்பகவல்லி அவளைத் திட்ட வாயெடுத்தாள்.

எந்த வாயால் திட்டுவது?

திரும்பி வந்தபோது தாளில் ஒரே ஒரு கையெழுத்து. அவளுடையது.

உள்ளே லிங்னெய் ஒரு அம்மாளுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள். நூலின் முனையைப் பல்லில் கடித்துத்தான் இழுக்க வேண்டும். வீங்கிய கன்னம் ஒத்துழைக்கவில்லை. நூல் நழுவிக்கொண்டே இருந்தது.

"நீ உக்காருடி. நான் பாத்துக்கறேன்."

"முடிஞ்சிருச்சுக்கா."

அந்த அம்மாள் கண்ணைத் திறந்தார். அப்போதுதான் அவளைப் பார்த்தார்.

"என்னம்மா இது, கன்னத்துல?"

லிங்னெய் கண்ணாடி வழியாக ஒருமுறை செண்பகவல்லியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை. இல்லை.

"விழுந்துட்டேன், மேடம்."

"அய்யோ! ரொம்ப வலிக்குதாம்மா?"

காலையிலிருந்து அதை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.