எத்தனை வாய்?

மதியச் சாப்பாட்டுக்காகக் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. வெயில் வாசல் தரையோடு நின்றுவிட, கண்ணாடி மேசைமேல் ட்யூப்லைட் வெளிச்சத்தில் மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இரண்டு ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் மைக் செருக ஒரு துளை, மற்றதில் இரண்டு. "எத்தனை வாய்?" என்கிறார் கடைக்காரர். எத்தனை பேர் பேசப்போகிறார்கள் என்று வருகிற எல்லோரிடமும் அவர் முதலில் கேட்பது இப்படித்தான். "ரெண்டு," என்கிறாள் பெட்டி வாங்க வந்த தம்பதியில் மனைவி. "ஒண்ணு," என்கிறான் கணவன், அதே நேரத்தில். கடைக்காரர் சிரிக்கிறார். "வீட்லயே சண்டைய முடிச்சுட்டு வந்திருக்கலாமே சார்." கணவன் நிமிரவில்லை. ஒற்றைத் துளைப் பெட்டியின் குமிழை இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே இருக்கிறான். பெட்டி, இருவரும் சேர்ந்து தொடங்கிய பாட்காஸ்டுக்கு. இதுவரை ஒரே மைக்கின் முன்னால் தோள் இடிக்க உட்கார்ந்து பேசினார்கள். போன வாரம் வெளியான பகுதியில் அவள் சிரிப்பு ஓரிடத்திலும் இல்லை. கம்ப்யூட்டர் கோளாறு என்றான், நம்பினாள். இப்போது இரட்டைத் துளைப் பெட்டியைத் தன் பக்கம் இழுக்கிறாள். கண்ணாடி கிறீச்சிடுகிறது. அவன் விரல் குமிழில் நிற்கிறது. அவள் குரல் தாழ்கிறது.

"அப்போ என் சிரிப்பு தானா காணாமப் போகல, இல்லங்க?"