கூட்டினால் முப்பத்து நான்கு

“எந்தப் பய எனக்கு முன்னாடி இதுல கை வச்சான்?”

பாண்டீஸ்வரன் பேப்பரை டீக்கடை பெஞ்சில் அறைந்தான். மல்லாங்கிணறு பஸ் ஸ்டாப்புக் கடை அது. ஞாயிறுதோறும் வரும் எண் புதிரை இன்று யாரோ பேனாவால் நிரப்பியிருந்தார்கள்.

“நெரப்புறவன் ஒழுங்கா நெரப்பக் கூடாது? எந்த வரிசையைக் கூட்டினாலும் முப்பத்திநாலு வரணும். இங்க நாப்பது வருது! ஒரே நம்பரை மூணு எடத்துல போட்டிருக்கான், கூறுகெட்ட பய!”

“யாருன்னு தெரியலையேப்பா,” என்றார் கடைக்காரர் நல்லகண்ணு, கிளாஸைக் கழுவியபடி. “அதான் கெட்டுப்போச்சுல்ல, வீட்டுக்குக் கெளம்பு.”

“கெளம்புறதாவது! இதைச் சரிபண்ணாம எந்திரிக்க மாட்டேன்.”

அவனோடு நாலு பேர் சேர்ந்து தப்பைத் தேடினார்கள். கடை ரேடியோவில் மதியச் செய்தியே முடிந்துவிட்டது. பெஞ்சில் இடமில்லாமல், பஸ்ஸுக்கு வந்தவர்கள் எதிர்க்கடைக்குப் போய் டீ குடித்தார்கள்.

நல்லகண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார். அடுப்படியில் மனைவி சங்கரம்மாள் சீறினாள்.

“அந்தாளு பெஞ்சைப் புடிச்சு ஒக்காரக் கூடாதுன்னு, விடியுமுன்னே பேனாவும் கையுமா கிறுக்கித் தள்ளுனீகளே! வெறுங் கட்டமா விட்டிருந்தா, ஒரு டீயோட முடிச்சுட்டு அப்பவே போயிருப்பான்!”