விழுந்தால் யாரைக் கூப்பிடுவது?

"அப்பா குளியலறையில விழுந்திருக்காரு, எனக்கு ஒரு போன் வரல! பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கியிருக்காரு. நீ புரோகிராம் எழுதின லட்சணம் இதுதானா?" அக்கா தம்பியிடம் பொரிந்து தள்ளினாள்.

தம்பி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். "அப்பா விழுந்துட்டார்னு அவர் கையில கட்டியிருக்கிற வாட்ச் சொன்னதும் எந்த ஃபங்ஷன், அதாவது எந்தக் கட்டளை, ஓடணும்னு முன்னாடியே கொடுத்து வைக்கிறோம்க்கா. கொடுத்தது சரியாத்தான் ஓடியிருக்கு."

"நான் கொடுக்கச் சொன்னது 'அக்காவைக் கூப்பிடு'!"

"அதை எடுத்துட்டு 'பக்கத்து வீட்டைக் கூப்பிடு'ன்னு போன வாரம் மாத்திட்டேன்."

"யாரைக் கேட்டுடா மாத்தினே?"

கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்த அப்பா மெல்ல வாய் திறந்தார்.

"நான்தாம்மா மாத்தச் சொன்னேன். போன தடவை விழுந்தப்ப நீ அரை மணி நேரம் திட்டி முடிச்சிட்டுத்தானே தூக்கிவிட்டே?"